இபாதானுக்கு யோருபா படிக்கப் போகிறவருக்கு

கேள்வி: மொழியியல் முதுகலை முடிக்கப் போகிறேன். ஏதாவது ஓர் ஆப்பிரிக்க மொழியை அது பேசப்படும் ஊரிலேயே தங்கிக் கற்க ஆசை. நைஜீரியாவில் இபாதான் போய் ஓராண்டு யோருபா படிக்கலாம் என்று ஒரு யோசனை. ஆங்கிலம் ஆட்சிமொழியாக இருக்கும் நாட்டில் யோருபா உண்மையிலேயே வருமா? வெளிநாட்டு மாணவருக்கு அங்கே வாழ்க்கை எப்படி இருக்கும்?

பதில்:

வரும். ஆனால் ஊரில் போய் இறங்கினால் மொழி தானாக ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். நான் இபாதானில் ஒரு குடும்பத்தோடு தங்கிப் பத்து மாதம் படித்தவன். அப்புறம் இரண்டு முறை போய்வந்திருக்கிறேன். முதல் ஆறு வாரம் நான் பேசியதில் முக்கால்வாசி ஆங்கிலம்தான். அது என் சோம்பேறித்தனம் மட்டுமல்ல. கடைக்காரர், காவலாளி, பக்கத்து வீட்டுப் பையன் எல்லோருக்கும் ஆங்கிலமோ, நைஜீரியர்கள் பேசும் கலவை ஆங்கிலமான பிட்ஜினோ தெரியும். வெளிநாட்டு முகத்தைப் பார்த்ததும் உபசாரமாக அதில்தான் பேசுவார்கள். நாம் தட்டுத்தடுமாறி யோருபாவில் கேட்டால், பாவம் கஷ்டப்படுகிறானே என்று இன்னும் சுத்தமான ஆங்கிலத்தில் பதில் வரும். சென்னையில் ஒரு வெள்ளைக்காரர் தமிழில் வழி கேட்டால் நாம் என்ன செய்வோமோ அதையேதான் அவர்களும் செய்கிறார்கள்.

முதலில் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யோருபா பேசுகிறவர்கள் நான்கு கோடிக்கு மேல். பெரும்பகுதி நைஜீரியாவின் தென்மேற்கில், மீதி பேர் பக்கத்து பெனின், டோகோ நாடுகளில். இபாதான் 1829 வாக்கில் போர்வீரர்களின் பாசறையாகத் தொடங்கிப் பெருநகரமான ஊர். குன்றின் மேல் நின்று பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் துருப்பிடித்த தகரக் கூரைகள். பல்கலைக்கழகம் 1948-ல் லண்டன் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரியாகத் தொடங்கி, 1962-ல் தனிப் பல்கலைக்கழகமானது. அமெரிக்க அரசு பணம் போடும் லாங்வேஜ் ஃப்ளாக்‌ஷிப் திட்டத்தில் யோருபா எடுத்தவர்கள் வந்து தங்கிப் படித்த இடம் அது. இலே இஃபேயில் இருக்கும் ஒபாஃபெமி அவொலொவோ பல்கலைக்கழகத்திலும் வெளிநாட்டவருக்கான கோடைகால வகுப்புகள் நடந்திருக்கின்றன. வருகிறவர்கள் எல்லோரும் மொழியியல்காரர்கள் இல்லை. பிரேசிலின் கந்தோம்பிளே, கியூபாவின் சான்டேரியா வழிபாடுகளில் பாடும் பாட்டுகள் அடிமைக் கப்பல்களில் போன யோருபாக்கள் கொண்டுபோனவை. பாட்டு மனப்பாடமாகத் தெரியும், பொருள் தெரியாது என்று அங்கிருந்து வருகிறவர்கள் உண்டு. ஹூஸ்டனிலோ லண்டனிலோ பிறந்து, பாட்டியோடு போனில் பேசத் தெரியாமல் வருகிற யோருபாப் பிள்ளைகளும் உண்டு. இவர்கள் நிலைமைதான் கஷ்டம். நாம் ஒரு வணக்கம் சொன்னால் தெருவே கைதட்டும், அவர்கள் ஒரு சொல் தடுமாறினால், "உன் அப்பா அம்மா என்ன செய்துகொண்டிருந்தார்கள்?" என்பார்கள்.

சரி, யோருபாவில் நம்மிடம் எப்போது பேச ஆரம்பிப்பார்கள்? அவர்களுடைய வயது வரிசையில் நமக்கு ஓர் இடம் கிடைக்கும்போது. இலக்கணத்தை அப்புறம் பிடித்துக்கொள்ளலாம், இந்த இடம் கிடைக்காமல் மொழி வராது. எனக்கு இது புரிந்தது ஒரு புகாரின் மூலம்.

நான் தங்கியிருந்த வீட்டுக்கு எதிரே ஒரு பெரியவர், ஓய்வுபெற்ற தபால்காரர், வாசலில் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருப்பார். தினமும் காலையில் போகும்போது "எ காரோ" சொல்வேன். காலை வணக்கம். ஒருநாள் கடைக்குப் போய்த் திரும்பி வந்தேன். ஏற்கெனவே வணக்கம் சொல்லியாயிற்றே என்று அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டேன். சாயங்காலம் வீட்டம்மா கூப்பிட்டுக் கேட்டார்: "பாபாவை நீ இன்று பார்க்கவில்லையாமே?" பார்த்தேனே, சிரித்தேனே என்றேன். "அவர் உட்கார்ந்திருந்தார் இல்லையா? உட்கார்ந்திருப்பதற்கு நீ ஒன்றும் சொல்லவில்லையாம்."

உட்கார்ந்திருப்பவருக்கு என்று தனி வணக்கம் இருக்கிறது: எ கூ இஜோகோ. வேலை செய்கிறவருக்கு எ கூ இஷே. சந்தையில் இருப்பவருக்கு ஒன்று, மழை பெய்தால் ஒன்று, விருந்து வைத்துக் காசு செலவழித்தவருக்கு ஒன்று, விபத்தில் தப்பியவருக்கு ஒன்று, நெடுநாள் கழித்துப் பார்த்தால் ஒன்று. வெளியிலிருந்து வருகிறவர் வீட்டில் இருப்பவரைப் பார்த்து, வீட்டில் இருப்பதற்கும் ஒரு வணக்கம் சொல்ல வேண்டும். "எ கூ" என்று தொடங்கி, எதிரில் இருப்பவர் என்ன நிலையில் இருக்கிறாரோ அந்தச் சொல்லைச் சேர்த்தால் வணக்கம் தயார். பாடப்புத்தகத்தில் இது ஒரு பக்கம். வாழ்க்கையில் ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது முறை. அதன் பிறகு உடம்பு எப்படி, வீடு எப்படி, பிள்ளைகள் எப்படி, நேற்றைய வேலை எப்படி என்று சரம்சரமாக வரும். எல்லாவற்றுக்கும் "அ துபே" என்று பதில் சொல்லலாம்: நன்றி செலுத்துகிறோம், பன்மையில். ஒருவருக்கு நாலு நாள் வயிற்றுப்போக்காக இருந்தாலும் முதலில் அ துபே, பிறகுதான் வயிற்றுப்போக்கு.

இந்த வணக்கங்களின் தொடக்கத்தில் வருகிற "எ" என்பதைக் கவனியுங்கள். அது "நீங்கள்". சமவயதுக்காரரிடமோ சின்னவரிடமோ அதை விட்டுவிட்டு வெறும் "காரோ" என்றால் போதும். ஆக, எதிரில் இருப்பவர் உங்களுக்கு மூத்தவரா இளையவரா என்று முடிவு செய்யாமல் காலை வணக்கம்கூடச் சொல்ல முடியாது. நீ, நீங்கள், அவன், அவர் எல்லாம் நமக்குப் பழக்கம்தான். என்னோடு படித்த அமெரிக்கப் பிள்ளைகள் தலையைப் பிய்த்துக்கொண்ட இடத்தில் நான் முதல் வாரமே தேறிவிட்டதாக நினைத்தேன். அங்கேதான் தமிழ் என் காலை வாரியது.

நம் மரியாதையில் வயது இருக்கிறது, படிப்பும் பதவியும் இருக்கின்றன, சொல்ல வெட்கமாக இருந்தாலும் சாதியும் இருக்கிறது. கூடவே ஆண் பெண் கணக்கு ஒன்றும் ஓடிக்கொண்டே இருக்கும். யோருபாவில் அந்தக் கடைசிக் கணக்கு இலக்கணத்தில் இல்லவே இல்லை. அவன், அவள், அது மூன்றுக்கும் ஒரே சொல். அண்ணன், அக்கா இரண்டுக்கும் சேர்த்து "எக்பொன்". தம்பி, தங்கை இரண்டுக்கும் "அபுரோ". மூத்தவரா இளையவரா என்பது மட்டும்தான் சொல்லில் தெரியும். ஆணா பெண்ணா என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் தனியாகக் கேட்க வேண்டும். இதை வைத்துத்தான் சமூகவியலாளர் ஓயெரோன்கே ஓயெவுமி 1997-ல் வந்த தன் ஆய்வில், காலனி ஆட்சிக்கு முந்தைய யோருபாச் சமூகம் ஆண் பெண் என்ற பிரிவின் மேல் கட்டப்பட்டதல்ல, மூப்பின் மேல் கட்டப்பட்டது என்று வாதிட்டார். அதை அப்படியே ஏற்காதவர்களும் நிறைய. இபாதானில் அடுப்படியில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்த எனக்கும் முழுச் சம்மதமில்லை. ஆனால் மொழியைப் பொறுத்தவரை அவர் சொல்வது கண்கூடு.

மூப்பை எந்த அளவுக்குப் பார்க்கிறார்கள் என்பதற்கு இரட்டையர் கதை போதும். யோருபாக்களிடம் இரட்டைக் குழந்தைகள் உலகிலேயே மிக அதிகம். இபாதானிலிருந்து போய்வரும் தூரத்தில் உள்ள இக்போ ஓரா என்ற ஊர் அதற்கே பேர்போனது. முதலில் பிறக்கும் குழந்தைக்குத் தைவோ என்று பெயர், அடுத்ததற்குக் கெஹிந்தே. இருவரில் மூத்தவர் யார் என்றால், கெஹிந்தே. உலகம் எப்படி இருக்கிறது, பார்த்துவிட்டு வா என்று தைவோவை முன்னால் அனுப்பியவர் அவர்தானாம். வேலை ஏவுகிறவர்தானே மூத்தவர்! அதேபோல, மருமகளாக வருகிற பெண்ணுக்கு அந்த வீட்டில் "வயது" கல்யாண நாளிலிருந்துதான் தொடங்கும். அவளுக்கு முன்பே அந்த வீட்டில் பிறந்துவிட்ட பொடிசுகள்கூடப் பழைய வழக்கப்படி அவளுக்கு மூத்தவர்கள். பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. கணவனின் தம்பியைக் "கொழுந்தனார்" என்று ஆர் விகுதி போட்டுச் சொல்லும் நம் வீட்டுப் பெண்களுக்கு இது உடனே புரியும்.

மாணவராகப் போகும் உங்களுக்கும் இப்படித்தான் ஓர் இடம் தருவார்கள். முதல் வாரத்திலேயே பெயர் வைப்பார்கள். எனக்கு அயோதெலே, மகிழ்ச்சி வீடு வந்தது என்று பொருள். வீட்டில் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். அவன் எனக்கு அபுரோ ஆனதும், நான் அவனைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லலாம், அவன் செய்கிற சேட்டைக்கு நானும் பதில் சொல்ல வேண்டும். தண்ணீர் எடுத்து வா, கடைக்குப் போய் வா, அம்மா கூப்பிடுகிறார் என்ற மூன்று வாக்கியங்களில்தான் என் யோருபா நிஜமாகத் தொடங்கியது. வினைகளை அடுக்கிச் சொல்வது நமக்குச் சுலபம். "எடு, வா" என்று இரண்டு வினை சேர்ந்தால் "கொண்டு வா". என் அமெரிக்கத் தோழர்கள் இதற்கு ஒரு முழு வகுப்பு உட்கார்ந்தார்கள். உடம்பை வைத்து மனதைச் சொல்வதும் அப்படியே. சந்தோஷம் என்றால் என் வயிறு இனிக்கிறது. தலைவலி என்றால் தலை என்னை உடைக்கிறது. மன்னிப்புக் கேட்க, "எ மா பினு": கோபித்துக்கொள்ளாதீர்கள். "யோருபா புரியுமா?" என்பதற்கு அவர்கள் கேட்பது "யோருபா உனக்குக் காது கேட்குமா?"

காது என்றதும் சுரத்துக்கு வந்துவிடலாம்; நீங்கள் அதிகம் பயப்படுவது அதற்காகத்தான் இருக்கும். ஒவ்வோர் அசையையும் மூன்று குரல் உயரங்களில் ஒன்றில் சொல்ல வேண்டும்: கீழ், நடு, மேல். பள்ளிப் பிள்ளைகளுக்கு டோ, ரே, மி என்று மேற்கத்திய சுரத்தை வைத்தே சொல்லித்தருகிறார்கள், நமக்கும் அப்படித்தான். "ஒக்கோ" என்ற ஒரே எழுத்துக் கோவையை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு அசையும் நடுவில் நின்றால் கணவன். கடைசியை ஏற்றினால் களைக்கொத்து. கடைசியை இறக்கினால் வண்டி. இரண்டையும் இறக்கினால் ஈட்டி. என் வகுப்புத் தோழி ஒருத்தி சாலையோரம் நின்று வண்டி தேடுவதாகச் சொல்லப்போய், வறுத்த சோளம் விற்றுக்கொண்டிருந்த நாலு பெண்கள் அங்கேயே மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். வயலுக்குப் போகிறேன் என்பதைத் தவறிச் சொன்னால் என்ன ஆகும் என்று இங்கே எழுத முடியாது. அங்கே போய்த் தெரிந்துகொள்ளுங்கள்.

உண்மையில் மூன்று சுரங்களைத் தனித்தனியாகப் பிடிப்பது இரண்டு மாத வேலை. பாட்டுக் கேட்டு வளர்ந்த காதுக்கு அதுகூட வேண்டாம். கஷ்டம் வேறு இடத்தில். கேள்வி கேட்கும்போது நாம் வாக்கியத்தின் கடைசியைத் தூக்குகிறோம், ஆச்சரியத்தில் நீட்டுகிறோம், சலிப்பில் இறக்குகிறோம். அந்தச் சுதந்திரம் அங்கே கிடையாது. கடைசி அசையைத் தூக்கினால் கேள்வி வராது, வேறு சொல் வரும். கேள்விக்கு வாக்கியத்தின் முன்னால் "ஷே" என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டு, மீதியை அதன் சுரத்திலேயே சொல்ல வேண்டும். கோபத்தை வேகத்திலும் குரலின் பலத்திலும் காட்டலாம், சுரத்தில் கை வைக்கக் கூடாது. என் ஆசிரியர் மேசையில் விரலால் தட்டிக்கொண்டே, "உன் மனசை அதில் போடாதே, சொல்லை மட்டும் போடு" என்பார். இடுக்கி மேளமான துன்துனை அடிக்கிறவர் வாயே திறக்காமல் ஆட்களைப் பெயர் சொல்லி அழைப்பதும் புகழ்வதும் இதனால்தான் முடிகிறது. மேளத்தின் வாரை அக்குளில் இறுக்கி, தளர்த்தி அந்தச் சுரங்களை மட்டும் எழுப்புகிறார்; கேட்பவர் சொற்களை நிரப்பிக்கொள்கிறார். ஒரு கல்யாண வீட்டில் மேளக்காரர் என்னைப் பார்த்து ஏதோ அடித்தார், கூட்டமே சிரித்தது. என்ன என்று கேட்டேன். காசு தராமல் நிற்கிறான் என்றாராம்.

ஒலிகளில் இரண்டு மூன்று மட்டும் புதிது. க-வையும் ப-வையும் ஒரே நேரத்தில், உதட்டையும் அடிநாக்கையும் சேர்த்து விடுவிக்கிற ஓர் ஒலி. அதன் கனமான ஜோடி ஒன்று. நான் இங்கே "க்ப" என்று எழுதுவது அந்தக் கனமான ஒலியை. யோருபாவை எழுதும் ஆங்கில எழுத்தில் வெறும் P என்று இருந்தாலும் வாயில் மெல்லிய ஜோடி வர வேண்டும். அப்புறம் எ, ஒ இரண்டும் இரண்டிரண்டு வகை: மூடியது, திறந்தது. கிரிக்கெட் பால் என்னும்போது ஆ-வுக்கும் ஓ-வுக்கும் நடுவில் வாய் நிற்கிறதே, அதுதான் திறந்த ஒ. தமிழர்கள் செய்யும் தப்பு, இதைக் குறில் நெடில் என்று எண்ணி நீட்டிவிடுவது. நான் மூன்றாவது மாதம் வரை செய்தேன்.

எண்களைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை, பரீட்சைக்கு வெளியே அவ்வளவாகப் பயன்படாது என்றாலும். அடிப்படை இருபது. அதில் கழித்துக் கழித்துப் போகிறார்கள். பதினாறு என்றால் இருபதுக்கு நான்கு குறைவு. நாற்பத்தைந்து என்றால் ஐம்பதுக்கு ஐந்து குறைவு. அந்த ஐம்பதே மூன்று இருபதுக்குப் பத்து குறைவு. தொண்ணூறு என்ற சொல்லுக்குள் ஏன் நூறு இருக்கிறது என்று யோசித்திருக்கிற தமிழருக்கு இதில் ஒரு ருசி உண்டு. ஆனால் இளைஞர்கள் விலை, வயது, போன் நம்பர் எல்லாம் ஆங்கிலத்தில்தான் சொல்கிறார்கள்.

இதைச் சொல்லும்போது இன்னொன்று. வகுப்பில் சொல்லித்தருவது தூய யோருபா. வானொலிக்கு அதில் ஒரு பெயர் உண்டு: பேசும், ஆனால் பதில் வாங்கிக்கொள்ளாத கருவி. தொலைக்காட்சி, குரலையும் படத்தையும் பிடிக்கும் கருவி. ரசித்து மனப்பாடம் செய்து வீட்டில் போய்ச் சொன்னால் பையன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். அவனுக்கு அது டிவி. நம் ஊரில் ஒருவர் பேருந்துக்குள் ஏறி "நடத்துநர் அவர்களே, ஒரு பயணச்சீட்டு" என்றால் எப்படி இருக்கும், அப்படி. இரண்டையும் படிக்க வேண்டும், எங்கே எதைப் பேசுவது என்பதை வீட்டில்தான் கற்க முடியும். விடுதியில் தங்குவதா குடும்பத்தோடு தங்குவதா என்று கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு குடும்பம். வெந்நீர் கிடைக்காது, கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்கார்ந்தால் உடம்பு சரியில்லையா என்று மூன்று பேர் வந்து கேட்பார்கள். பரவாயில்லை. கரண்ட் அடிக்கடி போகும். திரும்பி வந்தால் தெருப் பிள்ளைகள் எல்லாம் "அப் நேப்பா!" என்று கத்துவார்கள். நேப்பா என்பது மின்வாரியத்தின் பழைய பெயர். அதை அரசு 2005-லேயே மாற்றிவிட்டது, பிள்ளைகளின் கத்தலில் இன்னும் இருக்கிறது.

சாப்பாட்டுக்குக் கவலையே வேண்டாம், நீங்கள் அசைவம் என்றால். சைவம் என்றால் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கும், ஏனென்றால் "இறைச்சி இல்லை" என்று சத்தியம் செய்து தரும் கீரையில் கருவாடு இருக்கும். இபாதானின் பெருமை அமலா. சேனைக்கிழங்கு போன்ற யாம் கிழங்கைக் காயவைத்து அரைத்த மாவை, கொதிக்கும் நீரில் போட்டு மரத்துடுப்பால் கிண்டுவார்கள். பழுப்பு நிறத்தில் ஆவி பறக்க வரும். முதல் தடவை வீட்டம்மா இரண்டு காலுக்கிடையில் பாத்திரத்தை இடுக்கிக்கொண்டு கிண்டுவதைப் பார்த்தபோது தர்மபுரியில் என் அத்தை களி கிண்டுவதுதான் ஞாபகம் வந்தது. சாப்பிடுவதும் களி மாதிரியே: வலது கையால் கிள்ளி, குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்க வேண்டும். கூட எவெடு, சணல் செடியின் இலையை வழவழவென்று கடைந்தது. க்பெகிரி, பருப்புக் கடைசல் போல. நான் மெல்லாமல் விழுங்கியதைப் பார்த்து, "இவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?" என்றார் வீட்டம்மா. காலையில் அகாரா. காராமணியை ஊறவைத்து, தோல் நீக்கி, வெங்காயம் மிளகாயோடு அரைத்து எண்ணெயில் போட்டு எடுப்பது. வடை என்று சொன்னால் சண்டைக்கு வர மாட்டேன். தொட்டுக்கொள்ளப் புளித்த மக்காச்சோளக் கூழ். இந்த அகாராதான் அட்லான்டிக் தாண்டிப் போய் பிரேசிலின் பாயியா தெருக்களில் அகராஜே என்று விற்கிறது.

நல்ல பயிற்சிக்கூடம் சந்தை. பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் போடிஜா சந்தை. தக்காளியும் மிளகாயும் கூறு கட்டி வைத்திருப்பார்கள். அரிசியும் பயறும் கொங்கோ என்ற கிண்ணத்தால் அளப்பார்கள், நம் படி போல. பேரம் பேசாமல் வாங்கினால் அவர்களுக்கே சப்பென்று போய்விடும். வாங்கி முடித்ததும் "ஏனி" கேட்க வேண்டும். ஏனி என்றால் கொசுறு. அந்தச் சொல் தெரிந்த அன்று எனக்கு ஒரு விஷயம் நடந்தது. வழக்கமாக ஆங்கிலத்தில் பதில் சொல்லும் மிளகாய்க்கார அம்மாவிடம் பேரம் பேசி, காசைக் கொடுத்துவிட்டு, கையை நீட்டி ஏனி கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். இரண்டு மிளகாயை எடுத்துப் பையில் போட்டுவிட்டு, பக்கத்துக் கடைக்காரரிடம் யோருபாவில் என்னைப் பற்றிப் புகார் சொல்ல ஆரம்பித்தார். இத்தனை மாதமாக வருகிறானாம், இன்றைக்குத்தான் வாயைத் திறக்கிறானாம். அதன் பிறகு அவர் என்னிடம் ஆங்கிலம் பேசவே இல்லை.

தெருவில் உங்களை "ஓயின்போ" என்று கூப்பிடுவார்கள். வெள்ளைக்காரர் என்று பொருள் சொல்வார்கள், நடைமுறையில் வெளியூர்க்காரர் எல்லோருக்கும் அதுதான். கறுப்பு அமெரிக்க மாணவர்கள், மூதாதையர் மண்ணுக்கு வந்ததாக நினைத்து இறங்கியவர்கள், இந்தச் சொல்லைத் தங்கள் மேல் முதன்முதலாகக் கேட்கும்போது முகம் சுருங்குவதைப் பார்த்திருக்கிறேன். நமக்கு அந்த வலி இல்லை. இந்தியர் என்று தெரிந்ததும், ஐம்பது அறுபது வயதுக்காரர்கள் பள்ளியில் கணக்கோ இயற்பியலோ எடுத்த இந்திய ஆசிரியரைப் பற்றி ஆரம்பிப்பார்கள். எண்ணெய்ப் பணம் புரண்ட 1970-களில் நம் ஆட்கள் கூட்டமாக வேலைக்குப் போன காலம் அது. பெண்கள் ஜீ வேர்ல்டில் ஓடும் தொடரில் அடுத்து என்ன நடக்கும் என்று உங்களைக் கேட்பார்கள். அவர்கள் கேகே என்று சொல்லும் ஆட்டோவில் ஏறினால், முன்னால் டிவிஎஸ் என்று எழுதியிருக்கும். ஓசூர்க் கம்பெனி, என் ஊர்ப் பக்கம் என்றேன் ஓர் ஓட்டுநரிடம். அப்படியானால் உதிரிபாகம் விலை குறைத்து வாங்கித்தர முடியுமா என்றார்.

ஓராண்டில் எவ்வளவு வரும்? வீட்டுப் பேச்சு, சந்தை, பிரசங்கம், வானொலிச் செய்தியில் முக்கால்வாசி. பெரியவர்கள் தங்களுக்குள் பேசுவது முழுதாகப் பிடிபடாது, ஏனென்றால் அதில் பாதி பழமொழி, அதிலும் முதல் பாதியை மட்டும் சொல்லி நிறுத்திவிடுவார்கள். பழமொழி பேச்சின் குதிரை என்று அவர்களே சொல்வார்கள். பேச்சு தொலைந்தால் அதில் ஏறித்தான் தேட வேண்டுமாம். பழமொழிக்கும் மூப்பு உண்டு. பெரியவர் முன்னால் சின்னவர் ஒன்றைச் சொல்லிவிட்டால், சொன்ன கையோடு "டோட்டோ" என்று தொடங்கும் ஒரு வாசகத்தால் மன்னிப்புக் கேட்க வேண்டும். பெரியவர், இன்னும் ஒன்று சொல்லும் அளவுக்கு நீ வாழ்வாய் என்று வாழ்த்துவார். நான் ஒருமுறை எதிர்வீட்டுத் தபால்காரரிடம் பழமொழியைச் சரியாகச் சொல்லிவிட்டு, அந்த மன்னிப்பை மறந்துவிட்டேன். அவர் சிரித்தபடி காத்திருந்தார், ஒரு நிமிடம் இருக்கும். வீட்டுப் பையன் உள்ளிருந்து "டோட்டோ!" என்று கத்திக் காப்பாற்றினான்.

ஓராண்டுக்கு மேல் போனவர்களில் இரண்டு பேரைச் சொல்லலாம். ஆங்கிலேய ஆய்வாளர் கேரின் பார்பர் 1970-களில் ஒகுக்கு என்ற சிற்றூரில் தங்கி, பெண்கள் பாடும் ஒரிகி என்ற புகழ்ப்பாக்களைப் படித்தார். பிறகு இஃபே பல்கலைக்கழகத்தில் யோருபாவிலேயே பாடம் நடத்தினார், ஊர் ஊராகப் போகும் நாடகக் குழு ஒன்றில் நடித்தும் இருக்கிறார். ஆஸ்திரிய ஓவியர் சுசான் வெங்கர் 1950-ல் வந்தவர் திரும்பவே இல்லை. ஓஷோக்போவில் பூசாரியாகி, அதுன்னி என்ற பெயரோடு, 2009-ல் தன் 93-ஆம் வயதில் அங்கேயே இறந்தார். அவர் காப்பாற்றிய ஓஷுன் ஆற்றங்கரைக் கோயில்காடு 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இபாதானிலிருந்து ஒருநாள் பயணம், ஆகஸ்டில் திருவிழா. போய்ப் பாருங்கள்.

கிளம்புவதற்கு முன்: பிபிசி யோருபா 2018-லிருந்து இருக்கிறது, தினம் பத்து நிமிடம் பொருள் புரியாவிட்டாலும் கேட்டு, சுரத்தை மட்டும் முணுமுணுத்துப் பழகுங்கள். சுரக்குறி போடாமல் எழுதும் பழக்கத்தைத் தொடக்கத்திலேயே வளர்க்காதீர்கள். அங்கே எல்லோரும் குறி இல்லாமல்தான் செய்தி அனுப்புகிறார்கள், ஆனால் அவர்களுக்குச் சுரம் தெரியும். டிசம்பர், ஜனவரியில் சஹாராவிலிருந்து தூசிக்காற்று வீசும், உதடு வெடிக்கும், விடியற்காலை குளிரும். ஒரு ஸ்வெட்டர் போதும். மலேரியா மாத்திரைக்கு மருத்துவரைப் பாருங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் புறப்படுவதற்குப் பத்து நாள் முன்னதாவது போட்டாக வேண்டும். சென்னை என்றால் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். அந்த மஞ்சள் அட்டையைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்தே வைத்திருங்கள். நைஜீரியாவில் இறங்கும்போது கேட்பார்கள், திரும்பி வரும்போது நம் விமான நிலையத்திலும் கேட்பார்கள், இல்லையென்றால் ஆறு நாள் வரை தனியாக அடைத்துவைக்கும் விதி இருக்கிறது.